அடியில் தங்காத இரும்பு

8 ஜூலை 2025, செவ்வாய். கவரைப்பேட்டை.

இன்று பேப்பருக்கு இரண்டு செய்தி அனுப்பினேன். பொன்னேரி மார்க்கெட்டுக்குப் பின்னால் உடைந்து கிடக்கும் கால்வாய் ஒன்று. காட்டுப்பள்ளி சாலையில் கன்டெய்னர் லாரிகள் மூன்று கிலோமீட்டருக்கு நின்றது இன்னொன்று. இரண்டாவதில் டெஸ்க்கில் 'பல கிலோமீட்டர்' என்று மாற்றிவிட்டார்கள். பைக் மீட்டரைப் பார்த்து எழுதியவன் நான். மூன்று என்றால் மூன்றுதான்.

என் மனைவி ரோசம்மாள் ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அவள் வேலை செய்யும் இடத்தில் மே மாதம் முதல் போடுகிற புதுச் சரக்கு: பிள்ளைகளுக்கான இரும்புச்சத்துப் பால், சாக்லேட் வாசனையோடு, இருநூறு மில்லி.

"குடி. துருவாட வருதா சொல்லு."

வரவில்லை. பாதி குடித்ததும் பிடுங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள்.

"அடியில இன்னா கீது?"

"ஒண்ணுமில்லையே."

"ம். அந்த ஒண்ணுமில்லதான் என் வேல."

இரும்புத்தூள் பாலில் கரையாதாம். தூளாகவே மிதக்க வேண்டும், பிள்ளை கடைசி மடக்கைக் குடிக்கும் வரை. அதற்காக முதலில் இருபது லிட்டர் குட்டி டேங்க்கில் பால்பவுடரைக் கரைத்து நாற்பது நிமிடம் கலக்கி, பிறகு தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவ வேண்டும். தூவுவது ரோசம்மாள். அங்கிருந்து அது ஐந்நூறு லிட்டர் டேங்க்குக்குப் போகிறது. எப்படி மிதக்கிறது என்று கேட்டேன்.

"பாலு புடிச்சிக்கினு கீது. அதுக்கு மேல லேப்ல மோனிகாவத்தான் கேக்கணும், ரிப்போர்ட்டரே."

பத்தொன்பது வருடமாக அந்த கேட்டுக்குள் போகிறாள். பாக்கிங்கில் சேர்ந்தவள் இன்று தொழிற்சாலையின் முதல் டேங்க்கில் நிற்கிறாள். ஆடிட் பண்ண வந்தவர் அவள் டேங்க்கில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கினாராம். அதை இந்த மாதத்தில் நாலாவது தடவை சொன்னாள். நானும் நாலாவது தடவை கேட்டுக்கொண்டேன்.

14 ஜூலை, திங்கள்.

மழை வருவது போல வந்து போய்விட்டது. எழுத ஒன்றுமில்லை.

24 ஜூலை, வியாழன்.

ரோசம்மாள் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைகளிலிருந்து பாட்டில்கள் திரும்பி வந்திருக்கின்றன. அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு விரல்நகக் கனத்துக்குச் சேறு. எல்லாப் பாட்டிலும் இல்லை, நாலு பேட்ச்சில் மட்டும். உற்பத்தி மேலாளர் மணவாளன் இவளைக் கூப்பிட்டு, டைப் செய்த ஒரு கடிதத்தை நீட்டியிருக்கிறார். 'பால்பவுடர் கரைவதற்கு முன்பே இரும்புத்தூளைக் கொட்டியது என் தவறு' என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் பழையபடி பாக்கிங். போடாவிட்டால் விசாரணை.

"நான் அப்டி கொட்டல. ஒரு தபா கூட கொட்டல."

எனக்குத் தெரியும். சமையலில் உப்பைக் கூட எண்ணிப் போடுகிறவள் அவள்.

25 ஜூலை, வெள்ளி.

ரோசம்மாள் கையெழுத்துப் போடவில்லை. மணவாளனிடம் அவள் சொன்னதை அவள் வாயாலேயே இரண்டு முறை சொல்ல வைத்து எழுதிக்கொண்டேன்:

"சார், எங்கம்மா களையெடுக்கப் போனவங்க. கைநாட்டு. எவன் இன்னா எழுதி நீட்டினாலும் வெச்சாங்க. நான் பத்தாவது படிச்சவ. படிச்சிப் பாத்தேன், இதுல கீறது நான் செஞ்சது இல்ல. செஞ்சிருந்தா நானே எழுதித் தரேன்."

டேங்க் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரும்புப் பால் போடுவதையும் நிறுத்தியாயிற்று. அவளுக்கு இப்போது அட்டைப் பெட்டி மடிக்கிற வேலை.

கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கிறவர்களைப் பற்றி முப்பத்தொரு வருடமாக எழுதுகிறேன். என் வீட்டில் ஒருத்தி நின்றிருக்கிறாள், என்னால் ஒரு வரி எழுத முடியாது. சொந்த மனைவி சம்பந்தப்பட்ட செய்தியை நிருபர் தொடக்கூடாது. சரியான விதிதான். அதனால் இங்கே எழுதுகிறேன்.

27 ஜூலை, ஞாயிறு.

சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்ததும் அவளை உட்கார வைத்து, கெட்டுப்போன நாலு பேட்ச்சும் போட்ட தேதிகளைக் கேட்டேன். பார்க்காமல் சொன்னாள்: ஜூன் 23, ஜூன் 30, ஜூலை 7, ஜூலை 14. காலண்டரில் வட்டம் போட்டேன்.

நாலும் திங்கட்கிழமை!

21ஆம் தேதி திங்களன்று இரும்புப் பால் போடவே இல்லை. அதே கை, அதே தூள். செவ்வாய் முதல் சனி வரை சரியாக இருக்கிறது. ஞாயிறு லீவு. திங்கட்கிழமைக்கு மட்டும் என்ன வந்தது?

"தண்ணி," என்றாள். "திங்கக்கெழம காத்தால வர்றது வேற டேங்கர்."

29 ஜூலை, செவ்வாய்.

டேங்கர்கள் நிற்கும் இடத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் டீ குடித்தேன். திங்கட்கிழமை வண்டி தண்ணீர் எடுப்பது கடல் பக்கத்து போர்வெல்லில் என்று டிரைவரே சொன்னார். "உப்புதான் சார், இன்னா பண்றது, லீவுக்கு அப்பால எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல தண்ணி வேணும்ன்றானுங்க." தேதி, நேரம், கிணறு எல்லாம் குறித்துக்கொண்டேன். கம்பெனி பெயரும் ரோசம்மாள் பெயரும் இல்லாமல், தொழிற்பேட்டைக்கு வரும் டேங்கர் தண்ணீரைப் பற்றி ஒரு செய்தி எழுதி வைத்தேன். நல்ல செய்தி. எழுதும்போது கை சூடாக இருந்தது.

அனுப்பவில்லை. லேப்பில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பலாம்.

31 ஜூலை, வியாழன்.

இன்று சாயங்காலம் லோகு வீட்டுக்கு வந்தான். பாட்டிலைச் சூடேற்றும் பிரிவில் ஆபரேட்டர், ஒப்பந்தத் தொழிலாளி, இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். ரோசம்மாள் கையெழுத்துப் போடாததால் விசாரணை அவன் பக்கம் திரும்பிவிட்டது. திங்கட்கிழமைச் சூட்டில் முள் ஒரு டிகிரி ஏறியிருக்கிறதாம், அதனால்தான் பால் கெட்டதாம். புதன்கிழமைக்குள் பதில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"யக்கா, ஒரு டிகிரிக்கு பாலு செத்துடுமா? எங்கூட்டு அடுப்புல தெனம் எரநூறு டிகிரி கத்துறா என் பொண்டாட்டி, நான் கெட்டா போய்ட்டேன்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். டீயைக் குடிக்காமலேயே டம்ளரைக் கீழே வைத்தான். ரோசம்மாள் அதைப் பார்த்தாள்.

2 ஆகஸ்ட், சனி.

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை பதினொன்றே காலுக்கு லேப் மோனிகா போனில் கிடைத்தாள். இருபத்திரண்டு நிமிடம் பேசினாள். "ரோசம்மாக்கா வீட்டுக்காரர்னுதான் பேசறேன் சார், பேப்பருக்கு இல்ல," என்றாள். ஒத்துக்கொண்டேன். குறிப்பு:

பாலில் உள்ள புரதத்தில் பெரும்பங்கு கேசின். அதன் இழைக்கு இரண்டு குணம். ஒரு பகுதி துகளின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள பாஸ்பேட்டுக்கு இரும்பென்றால் விடவே விடாது. இன்னொரு பகுதிக்குத் தண்ணீர் பிடிக்கும், அது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு துகளுக்கும் மேலெல்லாம் முடி முளைத்தது போல. இரண்டு துகள்கள் நெருங்கினால் முடியும் முடியும் மோதித் தள்ளும். முடிகளில் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் அதுவும் தள்ளும். ஒன்றோடொன்று ஒட்டாததால் துகள் சிறிதாகவே இருக்கிறது. சிறிதாக இருப்பதால் அடியில் இறங்குவதில்லை.

தண்ணீரில் சுண்ணாம்புச்சத்து ஏறினால் கெடுமா என்று கேட்டேன். கெடலாம், ஆனால் பால்பவுடர் கரைக்கும் தண்ணீர் எந்த டேங்கரில் வந்தாலும் சுத்திகரித்துத்தான் உள்ளே வருகிறது, திங்கட்கிழமை அளவும் பார்த்தாயிற்று, ஒரே அளவுதான் என்றாள். என் செய்தி அங்கேயே தளர்ந்தது. "புளிப்பு ஏறினாலும் கெடும் சார். முடி படுத்துடும், துகளும் துகளும் ஒட்டிக்கும். ஒட்டினதை அப்புறம் எவ்வளவு பால்ல போட்டாலும் பிரிக்க முடியாது. ஆனா பெரிய டேங்க்ல புளிப்பு பார்த்தோம், சரியாத்தான் இருக்கு."

சாயங்காலம் வேலை முடிந்து வந்த ரோசம்மாள் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படி வாசலில் நின்று இதை அப்படியே வாசித்தேன். முடி நிற்கும் இடத்தில் நிறுத்தினாள்.

"ட்ரெயின் கூட்டத்துல பொம்பளைங்க பைய முன்னாடி புடிச்சிக்கினு நிக்கறோமே, எவனும் மேல வந்து ஒட்டக்கூடாதுன்னு. அது மாதிரியா?"

அப்படியேதான். நான் இரண்டு பக்கம் எழுதியதை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். மேலே வாசித்தேன். புளிப்பு ஏறினால் முடி படுத்துவிடும்.

புளி கரைத்த கை கிண்ணத்துக்குள்ளேயே நின்றது.

"இன்னா மே?" என்றேன்.

கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். விரலில் சக்கை.

"நான் புளி போட்டுத் தேய்ச்சேன்," என்றாள். "சனிக்கெழம. டேங்க்க."

ஜூன் நடுவில் குட்டி டேங்க்கின் அடியில் செம்மண் நிறத்தில் கறை படிந்ததாம். சோப்புக்குப் போகவில்லை. வீட்டில் பித்தளைக் குடத்துக்குச் செய்வதுபோல வீட்டுப் புளியைக் கொண்டுபோய்க் கரைத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிந்ததும் தேய்த்து, கறை உள்ள குழாயில் கொஞ்சம் ஊறவும் விட்டிருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் இரண்டு பக்கெட் தண்ணீர் விட்டு அலசுவாளாம். பழைய டேங்க்கை அண்டா மாதிரி கவிழ்த்துக் கழுவலாம். மே மாதம் வந்த புதியதைத் தரையோடு முடுக்கியிருக்கிறார்கள், அடியில் ஒரு வளைவுக் குழாய். வளைவில் தங்கியது கவிழாது.

புளிப்பு பார்த்தது பெரிய டேங்க்கில். ஐந்நூறு லிட்டரில் அது தெரியாது. ஒட்டவேண்டியதெல்லாம் இருபது லிட்டரிலேயே ஒட்டி முடிந்திருக்கிறது.

ஆடிட்டர் மீசை ஒதுக்கிய பளபளப்பு அந்தப் புளிதான்.

3 ஆகஸ்ட், ஞாயிறு.

சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாடாமல் நின்றாள்.

இதையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் இந்த நோட்டுக்கு அர்த்தமில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன்: "சும்மா இரு மே. இனிமே புளி போடாத, அவ்ளோதான். தானா சரியாயிடும். யாருக்கும் தெரியாது. தண்ணி செய்தி ரெடியா கீது, போட்டா பழி அந்தப் பக்கம் போய்டும். லோகுவும் தப்பிச்சிடுவான்."

நான்தான் சொன்னேன். மூன்று கிலோமீட்டரைப் பல கிலோமீட்டர் ஆக்கியதற்கு டெஸ்க்கோடு சண்டை போட்டவன்.

அவள் கோபப்படவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்தாள்.

"அந்த டேங்கர்க்காரன் உனக்கு டீ வாங்கிக் குடுத்தானா, நீ அவனுக்கு வாங்கிக் குடுத்தியா?"

"அவருதான் ரெண்டு டீ வாங்கினாரு."

"அப்பால?"

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த 'அப்பால' இன்னும் காதில் இருக்கிறது.

4 ஆகஸ்ட், திங்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு மோனிகா போன் செய்தாள். ஆறு மணிக்கு லோகு வந்தான். மூன்றாவதாக ரோசம்மாளிடம் கேட்டேன். மூன்றும் ஒத்துப்போகின்றன.

காலை ஷிப்ட் கூட்டம். முப்பது பேருக்கு மேல். மணவாளன் பாதுகாப்புக் காலணி பற்றிப் பேசி முடித்ததும் ரோசம்மாள் கையைத் தூக்கியிருக்கிறாள். "சார், லோகு மேல தப்பு இல்ல. தண்ணி மேலயும் இல்ல. குட்டி டேங்க்ல நான் புளி ஊத்தி ஊற வெச்சேன். அடிக்குழாய கழட்டிப் பாருங்க."

மணவாளனுக்கு ஒரு நிமிடம் புரியவில்லையாம். "புளியா? கொழம்புப் புளியா?"

"வேற எந்தப் புளி சார் கீது?"

யாரோ சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை.

வளைவைக் கழற்றினார்கள். உள்ளே ஒரு பிடி சக்கை, நார், ஒரு புளியங்கொட்டை. பிறகு மோனிகா, இவள் செய்தபடியே ஒரு முறை புளி போட்டு ஊற வைத்து அலசியும், புளி இல்லாமல் ஒரு முறையும், குட்டி டேங்க்கில் கலக்கிப் பார்த்தாள். புளிப்பு அளக்கிற கருவி புளி இல்லாததில் 6.6 காட்டியது, புளி போட்டதில் 5.6; எண் குறைந்தால் புளிப்பு அதிகம். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே பால். இரண்டையும் பாட்டிலில் அடைத்து, லோகு கையாலேயே சூடேற்றி, லேப் அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.

லோகு சொன்னது: "அக்கா சொல்லாம வுட்டிருந்தா எவனுக்கும் தெரிஞ்சிருக்காது சார். நான் ஊட்டுல உக்காந்துனு இருப்பேன்." கண்ணைத் துடைத்துவிட்டு, "ஆனா இனிமே அக்கா ஊட்டுல ரசம் துன்னமாட்டேன்," என்றான். ரோசம்மாள் கரண்டியை ஓங்கினாள்.

தண்ணீர் செய்தியை அழித்தேன். உப்புக் கிணறு நிஜம்தான், அதை அதற்கே உரிய செய்தியாக ஒருநாள் எழுதலாம். பழி போடுவதற்காக எழுதியது போகட்டும்.

6 ஆகஸ்ட், புதன்.

வெள்ளி முதல் இரண்டு வாரம் தற்காலிக நீக்கம். கடிதம் வந்தது. இந்த முறை காரணம் சரியாக எழுதியிருந்தார்கள்: 'அனுமதியில்லாத பொருளால் கலனைச் சுத்தம் செய்தது.' அவள் இரண்டு முறை படித்தாள். என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். தெளிவாக, முழுப் பெயரும்.

8 ஆகஸ்ட், வெள்ளி.

புளி பாட்டிலில் சேறு. மற்றதில் ஒன்றுமில்லை. மோனிகா போட்டோ அனுப்பினாள். ரோசம்மாள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

22 ஆகஸ்ட், வெள்ளி.

திரும்ப வேலைக்குப் போனாள். பாக்கிங்கில்தான். அட்டைப் பெட்டி. "கெடைச்சிது போதும்," என்கிறாள். சாப்பிடும்போது வலது கை தானாகவே விரல் குவித்து எதையோ தூவுகிறது. நான் பார்க்காதது போல இருந்தேன்.

1 செப்டம்பர், திங்கள்.

மணவாளன் ரோசம்மாளைக் கூப்பிட்டாராம். இரும்புப் பால் திரும்ப ஆரம்பிக்கிறார்கள். இடையில் தூவிப் பார்த்த இரண்டு பேருக்கும் கட்டி கட்டியாகிவிட்டதாம். மோனிகா அவரிடம், "சார், நமக்கு என்ன தப்புன்னு கண்டுபிடிச்சுக் குடுத்ததே அவங்கதான்," என்று சொல்லியிருக்கிறாள்.

நாளை முதல் அவளுக்கு மறுபடி குட்டி டேங்க். ஒரு நிபந்தனை: கலனை எப்படிச் சுத்தம் செய்யவேண்டும், ஏன் என்று எல்லோருக்கும் புரிகிற தமிழில் ஓர் அறிவிப்பு எழுதித் தரவேண்டும், சுவரில் ஒட்ட.

"நீ எழுதிக் குடுக்கறியா, ரிப்போர்ட்டரே?"

முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு வேலை எனக்கு வந்ததில்லை.

3 செப்டம்பர், புதன்.

மூன்று முறை எழுதினேன். முதல் பிரதியில் இப்படி ஒரு வாக்கியம்: 'அண்மையில் கலனைச் சுத்தம் செய்ய ஒரு புளிப்புப் பொருள் பயன்படுத்தப்பட்டதால் சில பேட்ச்களில் படிவு ஏற்பட்டது.'

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"யாரு பயன்படுத்தினா?"

"அது தேவையில்ல மே. எல்லாரும் பாக்கற எடம். சொவுத்துல ஒட்டுவாங்க."

"அதான் கேக்கறேன். படிக்கறவ இன்னா நெனப்பா? எவனோ ஒரு கெமிக்கல ஊத்திட்டான், நம்ப அதெல்லாம் ஊத்த மாட்டோம்னு நெனப்பா. ஊட்டுப் புளிய கொண்டாந்து ஊத்துவா. ஏன்னா அது புளிதானே, துன்றதுதானே. நானே அப்டித்தானே நெனச்சேன்."

பேனாவை எடுத்து 'ஒரு புளிப்புப் பொருள் பயன்படுத்தப்பட்டதால்' என்பதை அடித்தாள். மேலே எழுதினாள்: 'ரோசம்மாள் வீட்டுப் புளியைக் கரைத்து ஊற்றியதால்'. 'சில பேட்ச்களில்' என்பதையும் அடித்தாள். 'நாலு பேட்ச்சில்' என்று எழுதினாள்.

'சில' என்று நான் எழுதியிருக்கிறேன். நான்!

அதற்குக் கீழே ரயில் கூட்டமும் பையும் வரவேண்டும் என்றாள். அவள் சொன்னபடியே எழுதினேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை.

16 செப்டம்பர், செவ்வாய்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் லோகுவைப் பார்த்தேன். மூன்றரை மணி வண்டி பதினேழு நிமிடம் தாமதம். அதனால் முழுவதையும் சொன்னான்.

கலவைக் கூடத்துக்குப் புதிதாக மூன்று பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் சுவரில் இருந்ததைப் படித்தார்களாம். ஒருத்தி வாய்விட்டே படித்து, பை பிடிக்கிற இடத்தில் சிரித்திருக்கிறாள். பிறகு மேல் வரிக்குத் திரும்பி வந்து, "ஐயய்யோ, யாருக்கா இந்த ரோசம்மா? இன்னும் வேலைல கீறாங்களா?" என்று கேட்டிருக்கிறாள், டேங்க் பக்கத்தில் நின்ற பெண்மணியிடமே.

"அக்கா மூஞ்ச பாக்கணுமே சார். ஒரு மாதிரி நிமிந்துக்கினு, கையொற மாட்டிக்கினே சொல்றாங்கோ: 'நான்தாம்மா அது. வா, அடிக்குழாய எப்டி கழட்றதுன்னு காட்றேன்.'"